கீமோ நாற்காலியில் விஆர் கண்ணாடி: எங்கே தவறு நடக்கிறது

கீமோ வார்டில் நான்கு மணி நேரம் டிரிப்ஸ் ஏறும். முதல் அரை மணி நேரம் செல்போன், அப்புறம் ஜன்னல், அதுவும் சலித்தபின் பாட்டிலில் விழும் சொட்டுகளை எண்ணுவது. வெளியூரில் வேலை பார்க்கும் மகன் இதைப் பார்த்துவிட்டு, அடுத்த சுற்றுக்கு ஒரு விஆர் கண்ணாடியோடு வருகிறான். கண்ணை மூடி மாட்டினால், வேறோர் இடத்துக்குள்ளேயே இருப்பதுபோல் சுற்றிலும் மெய்நிகர் காட்சி காட்டும் கருவி அது. "அம்மா, போட்டுப் பாருங்க, சூப்பரா இருக்கும்" என்று, தான் முதன்முதலில் பார்த்து அசந்துபோன அதே ரோலர் கோஸ்டரைப் போட்டுவிடுகிறான். மூன்றாவது வளைவில் அம்மாவுக்கு வயிற்றைப் புரட்டுகிறது. கண்ணாடி பெட்டிக்குள் போகிறது, பெட்டி அலமாரியின் மேல்தட்டுக்குப் போகிறது. மறுபடி அது கீழே இறங்குவதேயில்லை.

இப்படி ஆவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. அந்தக் கண்ணாடியால் அந்த அம்மாவுக்கு நல்லது செய்திருக்க முடியும். அதனிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று தெரியாததால்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன.

மருந்தாக நினைப்பது

வலி என்பது கவனத்தைத் தின்று வளர்வது. கவனத்தை வேறு பக்கம் இழுத்தால் வலிக்குக் கிடைக்கும் பங்கு குறையும். அமெரிக்காவின் சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஹண்டர் ஹாஃப்மனும் டேவிட் பேட்டர்சனும் 1990களில் இதைத் தீக்காய நோயாளிகளிடம் முயன்று பார்த்தார்கள். புண்ணைச் சுத்தம் செய்யும் கொடுமையான நேரத்தில், நோயாளி கண்ணாடிக்குள் ஒரு பனிப் பள்ளத்தாக்கில் மிதந்தபடி பனிப்பந்து எறிந்துகொண்டிருப்பார். ஸ்னோவேர்ல்டு என்று அதற்குப் பெயர். வலியைப் பற்றி யோசிக்கும் நேரம் குறைந்தது என்று நோயாளிகள் சொன்னார்கள். 2004இல் மூளை ஸ்கேனிலும், வலியோடு தொடர்புள்ள பகுதிகளின் செயல்பாடு குறைந்தது தெரிந்தது.

புற்றுநோய்க்கு வருவோம். சூசன் ஷ்னைடர் என்ற செவிலியர் ஆய்வாளர், மார்பக, குடல், நுரையீரல் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துக்கொண்ட 123 பேரிடம் செய்த ஆய்வு 2007இல் வெளியானது. கண்ணாடி போட்டிருந்தவர்களுக்கு நேரம் வேகமாகப் போனதாகத் தோன்றியது. 82 சதவீதம் பேர் மறுபடியும் பயன்படுத்துவோம் என்றார்கள். ஆனால் சிகிச்சை முடிந்த உடனேயோ, இரண்டு நாள் கழித்தோ கேட்டபோது, உடல் உபாதைகளால் வரும் அவதியில் குறிப்பிடும்படியான வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

இந்த இரண்டு முடிவுகளையும் சேர்த்தே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நேரத்தைக் கண்ணாடி சுருக்கித் தரும். வீட்டுக்குப் போன பிறகு வரும் வாந்தியையும் அசதியையும் அதனிடம் ஒப்படைக்க முடியாது. சிஸ்பிளாட்டின் போன்ற கீமோ மருந்துகளில் குமட்டல் இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரை கூட இழுக்கும். அதற்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரைகளை நேரம் தவறாமல் போட வேண்டும். "கண்ணாடி இருக்கே" என்று ஒரு வேளை மாத்திரையைத் தள்ளிப்போடுவதும், வலிக்குத் தரும் மார்ஃபின் அளவைத் தானாகக் குறைப்பதும் ஆபத்தான தவறுகள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. 2021 நவம்பரில் மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் ஒப்புதல் தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ ஒரு விஆர் சிகிச்சைக் கருவிக்கு அனுமதி தந்தது. அது பெரியவர்களின் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கான அனுமதி. அதைக் காட்டி, புற்றுநோய் வலிக்கும் ஒப்புதல் கிடைத்துவிட்டது என்று யாராவது விற்க வந்தால் நம்ப வேண்டாம்.

முதல் பத்து நிமிடத்திலேயே மாட்டிவிடுவது

இந்தத் தவறைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். எந்த விளம்பரத்திலும் இதைச் சொல்ல மாட்டார்கள்.

பாக்ளிடாக்செல் மார்பகம், சினைப்பை, நுரையீரல் எனப் பல புற்றுநோய்களுக்குக் கொடுக்கும் கீமோ மருந்து. சிலருக்கு அதனால் கடுமையான ஒவ்வாமை வரும். வந்தால் பெரும்பாலும் முதல் அல்லது இரண்டாம் சுற்றில், மருந்து ஏற ஆரம்பித்த பத்து நிமிடங்களுக்குள் வரும். முகம் சிவக்கும், நெஞ்சு இறுக்கும், மூச்சு வாங்கும், சிலருக்கு முதுகில் திடீரென்று வலி பிடிக்கும். அந்த நேரத்தில் சிஸ்டர் நோயாளியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த முகத்தில் பாதியைக் கண்ணாடி மூடியிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். காதில் கடல் அலை ஓடிக்கொண்டிருந்தால், "என்னம்மா, எதாவது பண்ணுதா?" என்று அவர் கேட்பதும் விழாது.

கார்போபிளாட்டின் என்ற கீமோ மருந்து இதற்கு நேர்மாறு. பல தடவை ஒழுங்காக ஏறிய பிறகு, ஆறு ஏழு தடவைக்கு அப்புறம்கூட ஒவ்வாமை தலைகாட்டலாம். அதனால் "போன தடவை ஒன்றும் ஆகலையே" என்ற சமாதானம் எல்லா மருந்துக்கும் பொருந்தாது. எந்த மருந்து ஏறுகிறது, எப்போது மாட்டலாம் என்று ஒவ்வொரு தடவையும் சிஸ்டரிடம் கேட்டுவிட்டு மாட்டுங்கள். அவர் "கொஞ்சம் பொறுங்க" என்றால் பொறுத்திருங்கள்.

சிவப்பாக இருக்குமே, டாக்சோரூபிசின், அதிலும் வின்கிரிஸ்டினிலும் வேறொரு ஆபத்து. இந்த மருந்துகள் ரத்தக்குழாயை விட்டு வெளியே கசிந்தால் சுற்றியுள்ள சதையைப் புண்ணாக்கிவிடும். கசிகிறது என்பதற்கு முதல் அடையாளங்கள் ஊசி போட்ட இடத்தில் எரிச்சல், குத்தல், வீக்கம். எரிச்சலைக் கவனத்திலிருந்து மறைப்பதுதான் கண்ணாடியின் வேலையே! வேறு இடத்தில் வரமாக இருக்கும் குணம் இங்கே தீங்காகிவிடுகிறது. இந்த மருந்துகள் ஏறும் நிமிடங்களில் கண்ணாடி மடியிலேயே இருக்கட்டும். முடிந்து வெறும் சலைன் ஓடும்போது தாராளமாக மாட்டிக்கொள்ளலாம்.

மற்ற நேரத்திலும் ஊசி ஏறும் கையைப் போர்வையால் மூடாதீர்கள். ஒரு காதையாவது திறந்து வையுங்கள். கையைத் தூக்கினால் உடனே கழற்ற வேண்டும் என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஓடும் காட்சியைக் கூட இருப்பவரின் செல்போனிலும் தெரியும்படி செய்யும் வசதி பல கருவிகளில் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால், அம்மா எதைப் பார்த்துச் சிரிக்கிறார், எதைப் பார்த்து முகம் சுளிக்கிறார் என்று உங்களுக்கும் தெரியும்.

ஓடும் காட்சிகளைத் தேர்ந்தெடுப்பது

கண் "நாம் போய்க்கொண்டிருக்கிறோம்" என்கிறது. உட்செவியோ "அசையவே இல்லையே" என்கிறது. இந்த முரண்தான் விஆர் குமட்டலுக்குக் காரணம், பேருந்துப் பயணத்தில் தலை சுற்றுவதற்கு உறவு. கீமோவால் ஏற்கெனவே வயிறு கலங்கியிருப்பவருக்கு இது இரட்டைச் சுமை. ரோலர் கோஸ்டர், டிரோன் காட்சி, ஆடும் படகு, காரோட்டும் விளையாட்டு எல்லாவற்றையும் ஒதுக்குங்கள். ஓரிடத்தில் உட்கார்ந்து பார்க்கும் காட்சிகள் நல்லவை. குளக்கரை, மழை பெய்யும் முற்றம், மெல்ல நீந்தும் மீன்கள், இரவு வானம் போன்றவை.

செல்போனைச் செருகி மாட்டும் மலிவான அட்டைப்பெட்டிக் கண்ணாடியில் இந்தத் தொல்லை கூடும். தலையைத் திருப்பினால் அதற்குத் தெரியும், முன்னால் சாய்ந்தால் தெரியாது. நீங்கள் சாய்ந்தும் உலகம் அசையாமல் நின்றால் மூளைக்குக் குழப்பம்தான். லென்ஸ்களுக்கு இடையிலான தூரமும் முக்கியம். பெரியவர்களுக்குக் கண்மணிகளுக்கு நடுவே சராசரியாக 63 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும், ஆனால் ஆளுக்கு ஆள் மாறும். மகனுடைய கண்ணுக்கு வைத்த அளவிலேயே அம்மாவுக்கு மாட்டினால் எல்லாம் மங்கலாகி, கால் மணி நேரத்தில் தலைவலி வந்துவிடும்.

இன்னொன்று, குமட்டல் அப்போது கூட இருந்தவற்றோடு ஒட்டிக்கொள்ளும் குணமுடையது. கீமோவின்போது முகர்ந்த மணமே பிறகு வாந்தியை வரவழைக்கும் என்று பல நோயாளிகள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்ததுமே சிலருக்கு வயிறு புரளும். அதனால் நோயாளிக்கு உயிரான இடத்தை, சொந்த ஊர்க் கோயிலையோ பிறந்த வீட்டையோ, குமட்டல் அதிகமான நாளில் காட்ட வேண்டாம் என்பது என் கருத்து. அந்த நினைவையாவது கீமோ தொடாமல் இருக்கட்டும். நாக்கு எல்லாவற்றையும் வெறுக்கும் நாட்களில் சமையல் காட்சிகளும் வேண்டாம்.

முதல் தடவையே கீமோ நாளன்று வைத்துக்கொள்ளாதீர்கள். அதற்கு முன் உடம்பு தெம்பாக இருக்கும் ஒரு நாளில், வீட்டில், ஐந்து நிமிடம் போட்டுப் பார்க்கலாம். பிறகு பத்து, பதினைந்து என்று கூட்டலாம். நல்ல உடம்போடு இருப்பவர்களுக்கே அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை பத்துப் பதினைந்து நிமிடம் இடைவெளி விடச் சொல்கிறார்கள் தயாரிப்பாளர்கள். கீமோவுக்கு முன்னால் ஒவ்வாமையைத் தடுக்கப் போடும் அவில் ஊசியில் தூக்கம் கண்ணைச் சுழற்றினால், சரி, தூங்க விடுங்கள். தூக்கத்தைவிட நல்ல காட்சி எந்தக் கருவியிலும் இல்லை.

உடம்பைப் பார்க்காமல் மாட்டுவது

இந்தக் கண்ணாடிகளில் பல அரை கிலோ இருக்கும். நமக்கு அது பெரிய கனமில்லை. கழுத்தெலும்புக்குப் புற்று பரவியவருக்கு அந்த அரை கிலோவும், சுற்றிச் சுற்றித் திரும்புவதும் ஆபத்து. மூளையில் கட்டி இருப்பவர், வலிப்பு வந்தவர், அண்மையில் தலையில் அறுவை சிகிச்சை செய்தவர், தலைக்குக் கதிர்வீச்சு எடுத்துத் தோல் எரிந்திருப்பவர் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. பேஸ்மேக்கர் வைத்தவரும், மூளையில் நீர் வடிக்க ஷண்ட் வைத்தவரும் கட்டாயம் கேட்க வேண்டும். கருவியிலும் கைப்பிடியிலும் காந்தங்கள் இருக்கலாம்.

முடி கொட்டிய தலையில் பட்டை உராய்ந்தால் எரியும். மெல்லிய பருத்தித் துணியைக் கட்டிவிட்டு மாட்டுங்கள். வின்கிரிஸ்டினால் விரல் மரத்துப்போனவருக்குப் பட்டன் அழுத்துவது பெரும்பாடு. கேப்சிடபின் மாத்திரையால் உள்ளங்கை சிவந்து உரிகிறவருக்குக் கைப்பிடியைப் பிடிப்பதே வலி. அவர்களுக்குச் சும்மா பார்த்தால் போதும் என்கிற காட்சிகள்தான் சரி. சிஸ்பிளாட்டின் காதைப் பாதிக்கக்கூடிய மருந்து. ஒலியைக் குறைத்தே வையுங்கள், காதில் இரைச்சல் கேட்கிறது என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆக்சாலிபிளாட்டின் எடுப்பவர்களுக்குச் சில நாட்கள் குளிர்ந்த தண்ணீரைத் தொட்டாலே விரல் சுரீர் என்னும். பனிக் காட்சி அதை உண்டாக்காதுதான், இருந்தாலும் அவர்களுக்கு வெயில் அடிக்கும் தோட்டத்தைக் காட்டலாமே.

ஒரே கண்ணாடியைக் கை மாற்றுவது

கீமோ முடிந்து ஏழு முதல் பதினான்கு நாட்களுக்குள், கிருமிகளை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் மிகவும் இறங்கியிருக்கும். அந்த நேரத்தில், பக்கத்துப் படுக்கைக்காரர் வியர்வையோடு கழற்றிய கண்ணாடியை முகத்தில் ஒட்டவைப்பது கூடாது. ஸ்பாஞ்சு வியர்வையை உறிஞ்சிக்கொள்ளும். துடைக்கக்கூடிய சிலிக்கான் உறையைப் போட்டு, ஒவ்வொருவருக்குப் பிறகும் கிருமிநாசினித் தாளால் துடையுங்கள். லென்ஸை மட்டும் உலர்ந்த மென்துணியால் துடைக்க வேண்டும், ஸ்பிரிட் பட்டால் கெட்டுவிடும். கண் சிவந்தவர், முகத்தில் புண் உள்ளவர் பயன்படுத்தவே வேண்டாம். இந்த நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். நோயாளி கண்ணாடிக்குள் நிம்மதியாக இருக்கிறார் என்று காத்திருக்கக் கூடாது.

குழந்தையை ஏமாற்றுவது

அட்லாண்டாவில் புற்றுநோய்க் குழந்தைகளுக்குப் போர்ட்டில் (மருந்து ஏற்றத் தோலுக்கு அடியில் பதித்த சின்னக் கருவி) ஊசி குத்தும்போது கொரில்லாக்கள் உலவும் ஒரு மெய்நிகர் காட்சியைக் காட்டிப் பார்த்தார்கள். 2004இல் வெளியான ஆய்வு அது. திசைதிருப்பல் எதுவும் இல்லாத பிள்ளைகளைவிட இவர்களுக்கு நாடித்துடிப்பு குறைவாக இருந்தது. இதைப் படித்துவிட்டு நாம் செய்யும் தவறு, "கார்ட்டூன் பாரு கண்ணா" என்று மாட்டிவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் ஊசியைக் குத்துவது. முதல் தடவை ஜெயித்துவிடலாம். அடுத்த தடவை கண்ணாடியைப் பார்த்ததும் பிள்ளை அலறும், அதற்கப்புறம் நம் பேச்சையும் நம்பாது. "இப்ப ஊசி போடுவாங்க, கொஞ்சம் வலிக்கும், நீ கொரில்லாவை எண்ணிக்கிட்டே இரு" என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். பல கருவிகளுக்குப் பத்து, பன்னிரண்டு வயது என்று தயாரிப்பாளர் வரம்பு வைத்திருக்கிறார். அதைவிடச் சின்னப் பிள்ளைக்கு மருத்துவர் சொன்னால் மட்டும்.

சட்டென்று கழற்றுவது

முடிந்ததும் சட்டென்று கழற்றி எழுப்பாதீர்கள். முதலில் காட்சியை நிறுத்தி, கண்ணை மூடச் சொல்லி, மெதுவாகக் கழற்றி, இரண்டு நிமிடம் உட்கார வையுங்கள். ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் குறைந்திருப்பவர் தலைசுற்றி விழுந்தால் சின்ன அடியும் பெரிதாகிவிடும்.

வேண்டாம் என்பவரை வற்புறுத்துவது

சிலருக்குக் கண்ணை மூடினாலே மூச்சு முட்டும். சிலருக்குச் சுற்றி நடப்பது தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். இன்னும் சிலருக்குப் பக்கத்து நாற்காலி அக்காவோடு பேசுவதுதான் நேரத்தைச் சுருக்கும் வழி. "எத்தனாவது சுற்று உங்களுக்கு? வாய்ப்புண்ணுக்கு என்ன பண்றீங்க?" என்று ஆரம்பித்து இரண்டு மணி நேரம் போவதே தெரியாது. அப்படிப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் போய்க் கண்ணாடியை நீட்டாதீர்கள். பையிலேயே இருக்கட்டும், அவர் கேட்கும் நாளில் எடுத்துக் கொடுக்கலாம்.