ரத்தக்காட்டேரி ராஜ்ஜியத்தை கேம்பெய்னாக்கும்போது சறுக்கும் இடங்கள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரி, மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கேரக்டராக ஆடும் விளையாட்டில், பல செஷன்களாக (அமர்வுகளாக) நீளும் கதைதான் கேம்பெய்ன். கதையிலோ படத்திலோ பிடித்துப்போன ரத்தக்காட்டேரி ராஜ்ஜியத்தைத் தன் ஹோம்பிரூ (சொந்தமாக உருவாக்கிய) உலகத்துக்குக் கொண்டுவரும் டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்), பெரும்பாலும் ராஜாவை எழுதுவதோடு நிறுத்திக்கொள்கிறார். மேலங்கி, கோட்டை, கைகூடாத பழைய காதல் எல்லாம் தயார். அப்புறம் ஒரு பிளேயர், "இந்த ஊர்க்காரங்க ஏன் இன்னும் ஓடிப்போகலை?" என்று கேட்டதும் திணறல்.

பதிலுக்கு ஒரு கணக்குப் போடுங்கள். வளர்ந்த மனிதர் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கும். ரத்ததானத்தில் ஒரு தடவை கிட்டத்தட்ட அரை லிட்டர் எடுத்தால், அடுத்ததற்கு இரண்டு மூன்று மாதம் இடைவெளி விடுவார்கள். காட்டேரிக்கு நாளுக்கு அரை லிட்டர் என்று வைத்தால்கூட, யாரையும் சாகடிக்காமல் ஒன்றைப் பராமரிக்க 60 முதல் 90 பேர் வேண்டும். 100 பிரபுக்களுக்கு 6,000 முதல் 9,000 பேர். குழந்தைகளும் நோயாளிகளும் இதில் சேர்த்தியில்லை. இரவுக்கிரவு ஆளைக் கொன்று குவிக்கும் அரசு சீக்கிரமே பட்டினி கிடக்கும். ஆகவே இங்கே ரத்தம் ஒரு வரி. வரி என்றாலே பேரேடு, விலக்குச் சீட்டு, அந்தச் சீட்டைக் கள்ளத்தனமாக விற்கும் குமாஸ்தா எல்லாம் வந்துவிடும். கொள்ளைநோய் என்றால் மக்களைவிட அதிகமாக நடுங்குவது அரண்மனைதான். குடிகளுக்கு நல்ல சோறும் வைத்தியமும் கிடைக்கும் நாடு இது, அதனால்தான் ஓடவில்லை. எனக்கு இதுதான் கூடுதல் பயங்கரம்.

பலவீனங்களைச் சண்டைக்கு மட்டும் எடுத்துவைப்பது அடுத்த தவறு. 1897-இல் வந்த டிராகுலா நாவலில் அவன் பகலிலும் நடமாடுவான். வெயில் பட்டு அழிவது 1922-இன் நோஸ்ஃபெராட்டு படத்திலிருந்து பரவியது. எது வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். வெயில் ஆகாது என்றால் பகல் நிர்வாகம் மனிதர்கள் கையில். ஓடும் நீர் ஆகாது என்றால் ஆறுகள்தான் மாகாண எல்லை. அழைக்காமல் வீட்டுக்குள் நுழைய முடியாதா? சரி, குடியிருப்புப் பத்திரத்திலேயே நிரந்தர அழைப்பு ஒரு நிபந்தனை.

மூலக்கதையை அப்படியே இறக்குவதும் வேண்டாம். அதைப் படித்த பிளேயர் ஒருவர் மேசையில் இருந்தால் ரகசியமே மிஞ்சாது. ராஜாவின் ஆசை என்ன என்பதையாவது மாற்றிவிடுங்கள். மயக்கும் சக்தியையும் அளந்து பயன்படுத்துங்கள். தன் கேரக்டர் தன் கையில் இல்லாமல் இரண்டு செஷன் உட்கார்ந்திருக்க யாருக்கும் பிடிக்காது. ரத்தம், வசியம் எதுவரை போகலாம் என்பதைத் தொடங்கும் முன்பே பேசிவிடுவது நல்லது.

கடைசிக் கோளாறு, ராஜா செத்ததும் கதை முடிந்தது என்று நினைப்பது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 ஐந்தாம் பதிப்பு விதிப்படி, உயிர்ப்புள்ளி பூஜ்யமானாலும் அவன் பனிமூட்டமாக மாறித் தப்புவான். 2 மணி நேரத்துக்குள் தன் சவப்பெட்டிக்குப் போய்ச் சேர்ந்தால் போதும். அங்கேயும் தேடிப்போய்க் கொன்றால், அவன் உருவாக்கிய அடிமைக் காட்டேரிகள் எல்லாம் அதே நொடியில் சுதந்திரம். அவர்களைக் கட்டிப்போட்டிருந்தது அவன் கட்டளைதான். நூற்றுக்கணக்கான பசித்த வாய்கள், வரி வரம்பு எதுவும் கிடையாது. பிளேயர்கள் வெற்றியைக் கொண்டாடிக்கொண்டிருக்கும் அதே ராத்திரி.