துப்பறிபவரிடம் கடிகாரம் இல்லை

மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு எட்டு. பண்டைய ரோமில் நடக்கும் துப்பறியும் நாவல்களை இரவில் அரை மணி நேரம் அவர்களோடு சேர்ந்து வாசிக்கிறேன். முதல் புத்தகத்தைக் கெடுத்தது நான்தான். கதைக்கு முன்னால் பேரரசு, மன்னர் வரிசை, வரைபடம் என்று பாடம் நடத்தினேன். பிணம் விழுவதற்குள் மகன் தூங்கிவிட்டான்.

முன்னுரையே வேண்டாம். நேராகக் கதைக்குள் போய்விடுங்கள். தடயத்தைப் புரிந்துகொள்ள எப்போது தேவைப்படுகிறதோ, வரலாறு அப்போது வந்தால் போதும். ஒரு நாவலில் வணிகன் ஒருவன், "ஏழாம் மணிக்குத் துறைமுகத்தில் இருந்தேன்" என்கிறான். மகள் அதைக் காலை ஏழு மணி என்று எடுத்துக்கொண்டு, அவன் பொய் சொல்கிறான் என்று தீர்ப்பே எழுதிவிட்டாள். அப்போதுதான் காகிதத்தை எடுத்தோம். ரோமர்கள் சூரியன் எழுவதிலிருந்து மறைவதுவரை உள்ள நேரத்தை 12 பங்காகப் பிரித்தார்கள். ஏழாம் மணி என்றால் உச்சிவெயில் தாண்டிய நேரம். நடுக்கோடையில் பகல் சுமார் 15 மணி நேரம் நீள்வதால், அவர்களுடைய ஒரு மணி நமக்கு 75 நிமிடம். குளிர்காலத்தில் அதுவே 45 நிமிடமாகச் சுருங்கும். வகுத்தல் கணக்கை அவள் இவ்வளவு ஆசையாகப் போட்டு நான் பார்த்ததில்லை. வணிகனும் தப்பித்தான்.

அப்புறம் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகப் பட்டியல் எல்லோரும் எழுதுவதுதான். நாங்கள் துப்பறிபவரிடம் என்னென்ன இல்லை என்றும் எழுதுகிறோம். கைரேகை இல்லை, தெருவிளக்கு இல்லை. போலீஸ்? கி.பி. 6-இல் ரோமப் பேரரசர் அகஸ்டஸ் அமைத்த காவல் படைக்கு முக்கிய வேலை தீயணைப்பதும் இரவு ரோந்தும்தான். கொலைகாரனைத் தேடி நீதிமன்றத்துக்கு இழுப்பது பெரும்பாலும் பாதிக்கப்பட்ட குடும்பத்தின் பாடு. இது தெரிந்த பிறகு, கதையில் ஒரு சிறுமி ஏன் தானே கிளம்பிப் போகிறாள் என்று மகன் கேட்கவில்லை.

பெயர்கள் வாயில் நுழையாவிட்டால் பட்டப்பெயர் வையுங்கள். எங்கள் வீட்டில் ஒரு செனட்டருக்கு மூக்கன் என்று பெயர்.

அடிமைகள் வரும் இடங்களைத் தாண்டிப் போகாதீர்கள். கொலையை நேரில் பார்த்த அடிமைப் பையன் ஏன் வாயே திறக்கவில்லை என்று மகள் கோபப்பட்டாள். அவனை விற்றுவிடலாம், அடிக்கலாம். ரோமச் சட்டப்படி அடிமையின் சாட்சியத்தைச் சித்திரவதை செய்துதான் வாங்குவார்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அன்று அதற்கு மேல் வாசிக்கவில்லை. எட்டு வயதுக்கு இது அதிகமோ என்று எனக்கும் தயக்கம் உண்டு. அதனால் புதுப் புத்தகத்தை முதலில் நான் தனியாகப் புரட்டிவிடுகிறேன்.

கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் ஒரு நாள் நிறுத்துங்கள். ஆளுக்கொரு பெயரும், அதற்கு ஒரு தடயமும் எழுதி மடித்து வைக்கட்டும். தடயம் இல்லாமல் "எனக்குத் தோணுது" என்றால் செல்லாது.

புத்தகம் முடிந்ததும் நிஜ மர்மம் ஒன்றைக் கொடுங்கள். பாம்பேய் (Pompeii) என்ற ரோம நகரை எரிமலை மூடியது கி.பி. 79-இல். அதை நேரில் பார்த்த ரோம எழுத்தாளர் இளைய பிளினியின் கடிதப் பிரதிகளை வைத்து ஆகஸ்ட் 24 என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். 2018-இல் அங்கே ஒரு வீட்டுச் சுவரில் கரியால் கிறுக்கிய தேதி கிடைத்தது: நம் கணக்கில் அக்டோபர் 17. கரி எழுத்து சீக்கிரம் அழிந்துவிடும், ஆகவே எரிமலை வெடித்தது அதற்குச் சில நாள் கழித்துத்தான் என்பது வாதம். "அதில் வருஷம் இருக்கா?" என்றாள் மகள். இல்லை. "அப்போ முந்தின வருஷத்துக் கிறுக்கலா இருந்தா?" ஆய்வாளர்களும் எழுப்பிய கேள்விதான் அது.

கரி எத்தனை நாள் தாங்கும் என்று பார்க்க, இப்போது எங்கள் வீட்டு உள்சுவரில் மகன் கையெழுத்தில் ஒரு தேதி இருக்கிறது. துடைக்கக் கூடாதாம்.