துகிலுரியும் காட்சியை நவீன நடனமாக்கும்போது சறுக்கும் இடங்கள்

மகாபாரதத்தைக் கன்டெம்பரரி நடனமாக்கத் துணியும் பல குழுக்கள் ஒத்திகைக்கு முன்பே சறுக்கிவிடுகின்றன. 18 பருவங்களையும் ஒரு மணி நேரத்துக்குள் அடைக்கப் பார்ப்பதுதான் காரணம். அரக்கு மாளிகை, சுயம்வரம், சூது, வனவாசம், போர் என்று ஓடினால் மேடையில் கதைச்சுருக்கம்தான் மிஞ்சும். சூதாட்டச் சபை ஒன்றே 50 நிமிடம் தாங்கும். அதிலும் திரௌபதியின் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள்: தருமன் முதலில் தோற்றது தன்னையா, என்னையா? பீஷ்மரே திணறிய கேள்வி அது. அந்தக் கேள்வியைக் கூர்மையாக்காத அசைவு எவ்வளவு அழகாக இருந்தாலும் வெட்டிவிடலாம்.

எந்தப் பாரதம் என்று முடிவு செய்யாமல் தொடங்குவதும் தவறு. கூந்தலை முடியமாட்டேன் என்ற சபதம் வியாசரில் இல்லை. நம் தெருக்கூத்திலும் பாரதியின் பாஞ்சாலி சபதத்திலும் இருக்கிறது. விரிந்த கூந்தல்தான் மையம் என்றால், அந்த மரபில் நிற்கிறோம் என்ற தெளிவு வேண்டும். பெங்களூருவில் இது கூடுதலாகப் பொருந்தும். தர்மராய சுவாமி கோயில் கரகத் திருவிழாவில், கன்னடச் சைத்ர மாதப் பௌர்ணமி இரவில் திரௌபதியைச் சக்தியாகவே வணங்கும் ஊர் இது. அழுது துவள்பவளாக மட்டும் அவளைக் காட்டினால் இங்கே எடுபடாது.

துணியை உருவும் இடத்தில்தான் அதிகம் சொதப்புகிறது. இடுப்பில் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 80 செ.மீ. துணி போகும். 20 மீட்டரை உருவ 25 முறை சுழல வேண்டும். தலை கிறுகிறுத்து, அடுத்த தரை அசைவில் நிலை தவறும். பாலியஸ்டரை வேகமாக இழுத்தால் தோல் காந்திவிடும். மென்மையான பருத்தி எடுங்கள். திரௌபதி அசையாமல் நிற்கட்டும், இழுப்பவர்கள் துணியோடு அவளைச் சுற்றி ஓடட்டும். வியாசரில் துணிக்குவியல் நடுவே களைத்து, வெட்கி உட்காருபவன் துச்சாதனன்தான். ஓடியவருக்கு அந்தக் களைப்பை நடிக்கவே வேண்டியிருக்காது. அரங்கேற்றத்துக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பிருந்தே மேடைத் துணியோடு ஒத்திகை பாருங்கள்.

பின்னணிக் குரல் சொல்வதையே உடலும் திரும்பச் செய்வதை விட்டுவிடுங்கள். குரல் வேண்டுமென்றால் கேள்வியை மட்டும் சொல்லட்டும்.

ஒருவரே தருமன், சகுனி, திரௌபதிக்காகப் பேசிய கௌரவன் விகர்ணன் என்று மாறினால், ஒவ்வொருவருக்கும் தனி உயரம், தனித் திசை, ஒரே ஒரு கைச்செய்கை கொடுங்கள். முதல் பத்து நிமிடத்தில் இரண்டு மூன்று முறையாவது அது வர வேண்டும், இல்லாவிட்டால் யார் யாரென்று பிடிபடாது. முகபாவத்தை மட்டும் நம்புவதும் ஆபத்து. பெங்களூரு ஜே.பி. நகரின் ரங்க சங்கரா நாடக அரங்கில் பார்வையாளர்கள் மூன்று பக்கமும் உட்காருவார்கள், ஒரு பக்கத்தாருக்கு எப்போதும் முதுகுதான் தெரியும். ஆகவே முக்கியமான நிலைகளை மூலைவிட்டமாக அமையுங்கள்.

உருளும் பகுதி இருந்தால் சலங்கை வேண்டாம், கணுக்காலைக் கிழிக்கும். கிரானைட் தரையில் குதித்துப் பழகினால் முழங்காலும் கணைக்காலும் வலியெடுக்கும். மரத்தளம் கிடைக்காத நாளில் குதிப்புகளை நடந்து மட்டும் பாருங்கள்.