கூடவே இருப்பார்கள், கணக்கில் மட்டும் இருக்கமாட்டார்கள்: ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களிடம் நீலகிரியில் தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

கோத்தகிரியில் ஒரு டீக்கடை. ஆட்டிசம் உள்ள 25 வயது இளைஞர் அம்மாவோடு வந்து நிற்கிறார். கடைக்காரர் அம்மாவைப் பார்த்து, "தம்பிக்கு என்ன வேணும்?" என்று கேட்பார். நல்ல மனசோடுதான் கேட்கிறார். ஆனால் மலையில் அடிக்கடி நடக்கும் தவறு இதுதான். அவரிடமே கேளுங்கள். பதில் வர நேரமாகும், காத்திருங்கள். பேச்சு வராதவர் என்றால் வர்க்கியையும் பன்னையும் காட்டுங்கள், கை நீட்டுவார். பேசாதவருக்கு எதுவும் புரியாது என்பது நாமே கட்டிய கதை. மீசை முளைத்தவரைக் 'குட்டி' என்று கன்னத்தைக் கிள்ளுவதையும் விட்டுவிடலாம்.

அடுத்தது, அவர்களை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டிவிட்டுத் தேயிலை பறிக்கப் போவது. இதற்காகத் தாயைத் திட்டுபவர்கள் நிறைய. வெளியே சரிவு, காட்டெருமை நடமாட்டம், மழைக்காலத்தில் பத்தடிக்கு அப்பால் தெரியாத மூடுபனி. அவருடைய பயம் நியாயமானது. ஆனால் உள்ளே இருப்பவருக்கு வலிப்பு வந்தாலோ, அடுப்புத் தீ பிடித்தாலோ கதவைத் திறக்க ஆள் இல்லை. சாவி ஒன்று பக்கத்து வீட்டில் இருக்கட்டும். லைனில் (எஸ்டேட் குடியிருப்பு வரிசையில்) வேலைக்குப் போகாத பெரியவர்கள் முறை வைத்து எட்டிப் பார்க்கலாம். குடும்பத்தைக் கேட்டுக்கொண்டு பஸ் கண்டக்டர், ரேஷன் கடைக்காரர் என்று நாலு பேரிடம் அவருடைய பெயரையும் வீட்டையும் சொல்லி வைத்தால், வழி தவறினாலும் திரும்பி வந்துவிடுவார்.

திருவிழாவுக்கு 'சத்தம் ஒத்துக்காது' என்று வீட்டிலேயே விட்டுவிடுகிறோம். ஆட்டிசம் உள்ள பலருக்குச் சத்தம் உண்மையிலேயே தாங்க முடியாத வேதனை, அது அடமில்லை. அதற்காக விழாவே கிடையாது என்றாகிவிடுமா? மேளம் தொடங்கும் முன்பே அழைத்து வரலாம். ஸ்பீக்கரிலிருந்து தள்ளி உட்காரவைக்கலாம். போதும் என்றால் உடனே கிளம்பலாம். பந்தியில் இலை போடும் வேலையைக் கொடுத்துப் பாருங்கள், பலர் நம்மைவிட ஒழுங்காகச் செய்வார்கள். மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3 அன்று மட்டும் மேடையேற்றி, சால்வை போட்டு, படம் எடுத்துக்கொள்வது எனக்கு ஒட்டவே ஒட்டாது.

உடம்பு விஷயத்தில் நடப்பது கொஞ்சம் ஆபத்தான தவறு. திடீரென்று தலையில் அடித்துக்கொண்டால் 'அவன் அப்படித்தான்' என்று விட்டுவிடுவோம். பல் வலியாகவோ காது வலியாகவோ இருக்கலாம், சொல்லத் தெரியாது, அவ்வளவுதான். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைராய்டு குறைவு அதிகம் வரும். முன்பு சுறுசுறுப்பாக இருந்தவர் சோர்ந்து கிடந்தால் ரத்தப் பரிசோதனை எடுங்கள். பழக்கம் புதிதாக மாறினால் முதலில் டாக்டரைப் பாருங்கள். மந்திரித்துக் கயிறு கட்டுவதெல்லாம் அப்புறம்.

வேலைக்கு வைத்தால் கூலியையும் கொடுங்கள். 'பொழுது போகட்டும்னு வந்திருக்கான்' என்று டீயும் பன்னும் தந்து முழு நாள் சாக்கு தூக்க வைப்பது உதவி ஆகாது.

பலர் தள்ளிப்போடுவது காகித வேலையை. 'வளர்ந்தா சரியாயிடும்' என்று காத்திருப்பதில் சின்ன வயதுப் பயிற்சிக்கான காலம் போய்விடுகிறது. மாற்றுத்திறனாளி அட்டை எடுத்துவிடுங்கள். 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கும் வருகின்றன. அதன்கீழ் உள்ள நிராமயா மருத்துவக் காப்பீட்டில் 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். 18 வயதுக்குப் பிறகு பெற்றோர் தானாகவே சட்டப்படியான காப்பாளர் ஆகிவிடமாட்டார்கள் என்பது பலருக்குத் தெரியாது. தேவைப்பட்டால் கலெக்டர் தலைமையிலான குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். பந்தலூரிலிருந்து கலெக்டர் ஆபீஸ் இருக்கும் ஊட்டிக்குப் போய்வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. ஆதார், படங்கள், மருத்துவச் சான்று என்று எல்லாவற்றுக்கும் நகலெடுத்துக் கொடுத்து, பக்கத்து வீட்டில் ஒருவர் கூடவே போனால், அம்மா வரிசையில் நிற்கும்போது மகனோடு உட்கார ஓர் ஆள் இருக்கும்.