அறுந்த வயரும் 'அழுத்தம் சரி' என்றது

கடலூர் சிப்காட்டில் நான் பராமரிப்பு பார்த்த ஒரு தொழிற்சாலையில், ரோபோவின் கிரிப்பர் (காற்றழுத்தத்தால் பாகங்களைப் பிடிக்கும் கை) தூக்கிய பாகத்தை நடுவழியில் நழுவவிட்டது. காற்றுக்குழாய் கழன்று அழுத்தம் 6 பாரிலிருந்து (பார் என்பது அழுத்த அலகு) 2 பாருக்கு இறங்கியும் ரோபோ நிற்கவில்லை. ஏனெனில் அழுத்தம் குறைந்தால் மட்டுமே 24 வோல்ட் சிக்னல் தரும்படி சென்சார் இணைக்கப்பட்டிருந்தது, அதன் வயரோ உப்புக்காற்றில் அரித்து முன்பே அறுந்திருந்தது. சிக்னல் வராததை ரோபோ 'அழுத்தம் சரி' என்றே எடுத்துக்கொண்டது.

அழுத்தம் 5 பாருக்கு மேல் உள்ளவரை சிக்னல் வந்துகொண்டிருக்கவும், எக்காரணத்தால் அது நின்றாலும் ரோபோ நிற்கவும் இணைப்பைத் தலைகீழாக்கினேன். ரோபோ நின்றால் மட்டும் பிடி நிலைக்காது என்பதால், காற்று போனாலும் ஸ்பிரிங் விசையால் மூடியே நிற்கும் கிரிப்பரைப் பொருத்தினோம்.

ஒரு சிக்கல் மிஞ்சியது: சென்சாரே 'சரி' நிலையில் சிக்கிக்கொண்டால் அதை இந்த இணைப்பு காட்டாது. ஆகவே ஒவ்வொரு ஷிப்ட் தொடக்கத்திலும் காற்றை முழுதும் வெளியேற்றி, சிக்னல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே ரோபோவை இயக்குகிறோம்.