குப்பென்று ஏறும் சூடு: சென்னை வெக்கையில் மெனோபாஸ் நாட்களைச் சமாளிக்க

மாதவிடாய் நிற்கும் பருவத்தில் நெஞ்சில் தொடங்கி கழுத்து, முகம் என்று குப்பென்று ஏறுகிற சூட்டை 'உஷ்ண உடம்பு' என்று சொல்லி வெந்தயத்தை ஊறவைப்பது நம் வீடுகளில் வழக்கம். வெந்தயம் கெடுதல் செய்யாது, ஆனால் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும்போது, உடல் வெப்பத்தைப் பார்த்துக்கொள்ளும் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி எடுத்ததற்கெல்லாம் பதறத் தொடங்குகிறது. முன்பு கண்டுகொள்ளாமல் விட்ட சின்ன வெப்ப உயர்வுக்கே தோலுக்கு ரத்தத்தைப் பாய்ச்சி, வியர்வையைத் திறந்துவிடுகிறது. பெரும்பாலும் 1 முதல் 5 நிமிடம் வரை நீடிக்கும். அதற்குள் தேவைக்கு மேல் வெப்பம் வெளியேறிவிடுவதால் பின்னாலேயே நடுக்கம் வருகிறது.

சென்னையில் இதோடு ஈரப்பதமும் சேர்ந்துகொள்கிறது. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். இங்கே காயாமல் வழிகிறது. ஆகவே இந்த ஊரில் கவனம் வைக்க வேண்டியது காற்றிலும் காய்ந்த துணியிலும்தான்.

சூடு ஏறுவது தெரிந்த உடனே துப்பட்டாவையோ முந்தானையையோ தளர்த்தி, கழுத்தைத் திறந்துவிடுங்கள். நனைத்துப் பிழிந்த சின்னப் பருத்தித் துண்டைப் பிடரியிலும் மணிக்கட்டின் உள்பக்கத்திலும் ஒற்றி, அந்த இடத்தில் காற்று படும்படி உட்காருங்கள். ஈரத்தின் மேல் காற்று பட வேண்டும். காற்றில்லாமல் ஈரத்தை மட்டும் போர்த்திக்கொண்டால் புழுக்கம்தான் மிஞ்சும். மூச்சை 5 விநாடி இழுத்து 5 விநாடி விடுங்கள். சூடு இதனால் நின்றுவிடாது, படபடப்பு அடங்கும். வியர்வை நின்றதும் பலர் செய்யாமல் விடுவது அடுத்த வேலையைத்தான்: முதுகையும் மார்புக்குக் கீழும் துடைத்து, நனைந்த ரவிக்கையையோ நைட்டியையோ உடனே மாற்றுவது. ஈரத்துணியோடு ஃபேனுக்குக் கீழே இருந்தால் நடுக்கம் இரட்டிப்பாகும்.

ஏசியை 18-ல் வைப்பதும் இதே காரணத்தால் வினையாகிறது. பத்து நிமிடம் சுகமாக இருக்கும். பிறகு போர்வை, போர்வைக்குள் மறுபடி சூடு, மறுபடி வியர்வை என்று இரவு முழுக்க இழுபறி. 25 அல்லது 26-ல் வைத்து ஃபேனையும் மெதுவாக ஓடவிடுங்கள். மழைக்கால இரவுகளில் 'டிரை' மோடு போதும், அது அறையின் ஈரத்தைக் குறைக்கும். ஏர்கூலருக்குக் காசு போடாதீர்கள். வறண்ட ஊருக்கான சாமான் அது. இங்கே அறையில் ஈரத்தைக் கூட்டத்தான் செய்யும். ஜன்னலில் ஈரப்புடவை தொங்கவிடுவதும் அப்படித்தான். ஏசி இல்லாத வீட்டில், கடற்காற்று இறங்கியதும் கிழக்கு ஜன்னலையும் எதிர்ப்பக்கக் கதவையும் சேர்த்துத் திறந்தால் காற்று ஊடுருவும். கத்திரி மதியங்களில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் ஃபேன் காற்றே சுடும்; அப்போது கைகால்களை நனைத்துக்கொண்டுதான் ஃபேன் போட வேண்டும்.

ஃபோம் மெத்தை சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதன் மேல் கோரைப்பாய், அதற்கு மேல் மெல்லிய பருத்தி விரிப்பு என்று போட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். தலைமாட்டில் மாற்று நைட்டி, துண்டு, தண்ணீர். விளக்கைப் போட்டு பீரோவைத் திறந்து தேடினால் வந்த தூக்கமும் போய்விடும். பகலுக்கு லைனிங் இல்லாத பருத்தி ரவிக்கை. வெளியே போனால் பையில் ஒரு விசிறியும் மாற்று மேலாடையும் இருக்கட்டும்.

சமையலறைதான் உண்மையான எதிரி. அடுப்பு எரியும்போது ஃபேன் போட முடியாது, எக்ஸாஸ்ட் மட்டும் போதாது. காய் வதக்குவதை மட்டும் இண்டக்‌ஷனுக்கு மாற்றினாலே அங்கே ஃபேன் ஓடலாம். கேஸ்தான் என்றால், குழம்பையும் பொரியலையும் காலை 7 மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. டிகிரி காபியை விடச் சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. ஆற்றி, அரை டம்ளராக, மாலை 4 மணிக்கு மேல் வேண்டாம் என்ற அளவில் நிறுத்தினால் போதும். அதிகக் காரமும் மதுவும் சிலருக்கு உடனே தூண்டிவிடும். இரண்டு வாரம் நேரத்தையும் அதற்கு முன் சாப்பிட்டதையும் குறித்து வைத்தால் உங்களுக்கு எது என்று தெரிந்துவிடும்.

எல்லா வியர்வையும் மெனோபாஸ் கணக்கில் சேராது. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் திடீரென வியர்த்து, கை நடுங்கி, பசித்தால் முதலில் குளுக்கோமீட்டர். 70-க்குக் கீழே இருந்தால் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். சூடு வந்து போகாமல் நாள் முழுக்க இருந்து, எடையும் குறைந்தால் தைராய்டு அதிகமாகச் சுரக்கிறதா என்று டிஎஸ்ஹெச் என்ற ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும். தைராய்டு மாத்திரையின் அளவு கூடிப்போனாலும் இதே தொல்லை வரும். முடி கொட்டுவதற்கு பயோட்டின் சாப்பிடுபவர்கள் ரத்தம் கொடுக்கும் முன் லேபில் சொல்லிவிடுங்கள், அது ரிசல்ட்டைத் தவறாகக் காட்டும். இரவு வியர்வையோடு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் டிபி பரிசோதனை. நெஞ்சு அழுத்தத்தோடு வியர்த்தால் யோசிக்காமல் 108.

40 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்று இந்தச் சூடு வந்தாலும், நின்று 12 மாதம் ஆன பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், மகப்பேறு மருத்துவரைத் தள்ளிப்போடாமல் பார்க்க வேண்டும்.

தூக்கமும் வேலையும் கெடும் அளவுக்கு இருந்தால் பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை, மருந்து இருக்கிறது. எல்லாவற்றிலும் நன்றாக வேலை செய்வது ஹார்மோன் சிகிச்சை. 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று 10 ஆண்டுக்குள் தொடங்குபவர்களுக்குப் பொதுவாக அனுகூலம் அதிகம். கருப்பை இருப்பவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுக்கக் கூடாது, புரோஜெஸ்டிரோனும் சேர வேண்டும். இல்லாவிட்டால் கருப்பையின் உள்சுவர் தடித்து, புற்றுநோய் அபாயம் கூடும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கு இது ஆகாது. காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டி வந்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இவர்களுக்கு வென்லாஃபாக்சின், கபாபென்டின் போன்ற ஹார்மோன் அல்லாத மாத்திரைகள் உண்டு. பராக்சிடினும் உதவும், ஆனால் மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்சிஃபென் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும், டமாக்சிஃபெனின் பலனை அது குறைத்துவிடும். சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், குறித்து வைத்த நோட்டையும் மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். ஹார்மோன் தொடங்கிய முதல் 3 மாதத்தில் இடையிடையே ரத்தம் படுவது சகஜம். அதற்குப் பிறகும் தொடர்ந்தால் ஸ்கேன் பார்க்காமல் அடுத்த அட்டையை வாங்காதீர்கள்.