வயதானவர்களுக்கு மயக்க மருந்துக்கு முன் சாச்சுரேஷன் சரியாக எடுப்பது எப்படி?

இடுப்பு எலும்பு முறிந்து மேலூர், உசிலம்பட்டி பக்கமிருந்து வரும் எண்பது வயது அப்பத்தாவை டேபிளில் படுக்க வைத்து, சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் எத்தனை சதவீதம் ஆக்சிஜன் ஏறியிருக்கிறது என்று பார்க்க, விரலில் ப்ரோப் என்ற சென்சார் கிளிப்பை மாட்டுகிறோம். 84 காட்டும். அடுத்த நொடி 91. அப்புறம் வெறும் கோடு. அப்பத்தாவோ தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பார். மயக்க மருந்து டாக்டர் கேட்கும்போது எந்த எண்ணைச் சொல்வது? ஆபரேஷன் தியேட்டரில் புதிதாகச் சேர்ந்திருக்கும் டெக்னீஷியன் தம்பி, தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். மானிட்டரை இயக்குவதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

படி 1: வார்டிலேயே எடுங்கள்

ஆக்சிஜன் வைக்காமல், போர்வைக்குள் கை கதகதப்பாக இருக்கும்போது ஒரு ரீடிங் எடுத்து கேஸ் ஷீட்டில் எழுதிவிடுங்கள். மாஸ்க் வைத்த பிறகு இந்த எண் கிடைக்காது. பீடி பிடிக்கிற ஐயாவா என்றும் கேளுங்கள். புகையின் கார்பன் மோனாக்சைடு சேர்ந்த ரத்தத்தையும் கருவி ஆக்சிஜன் உள்ளதாகவே எண்ணி, அதிகமாகக் காட்டும்.

படி 2: விரலைத் தேர்ந்தெடுங்கள்

பி.பி. கஃப் கட்டாத கை. கஃப் இறுகும்போது ரத்த ஓட்டம் நின்று ரீடிங்கும் போய்விடும். நகப்பூச்சு இருந்தால் துடைத்துவிடுங்கள். அடர்த்தியான மருதாணி துடைத்தால் போகாது. சாயம் ஏறாத விரலைத் தேடுங்கள்.

படி 3: எண்ணுக்கு முன் அலையைப் பாருங்கள்

இதில்தான் நிதானம் வேண்டும். கருவி 660 நானோமீட்டர் சிவப்பு ஒளியையும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியையும் விரல் வழியே அனுப்பி, துடிக்கிற ரத்தத்தை மட்டும் பிரித்துக் கணக்குப் போடுகிறது. வயதானவருக்கு ரத்தக்குழாய் ஏற்கெனவே குறுகியிருக்கும். தியேட்டர் ஏ.சி.யும் பயமும் சேர்ந்தால் விரல் நுனியில் துடிப்பே பலவீனமாகிவிடும். அப்போது வரும் எண்ணை நம்ப முடியாது.

மானிட்டரில் ஓடும் துடிப்பின் அலை சட்டென்று ஏறி மெதுவாக இறங்க வேண்டும். ஆனால் அலை பெரிதாகத் தெரிகிறதே என்று விட்டுவிடாதீர்கள். பல மானிட்டர்கள் பலவீனமான அலையையும் தானாகவே பெரிதாக்கிக் காட்டும். பக்கத்தில் பி.ஐ. (பெர்ஃப்யூஷன் இண்டெக்ஸ், அந்த இடத்தில் துடிப்பு எவ்வளவு வலுவானது என்ற அளவு) என்ற எண் இருந்தால் அதைப் பாருங்கள். 1க்குக் கீழே போனால் நான் இடத்தை மாற்றிவிடுவேன். கடைசியாக, ப்ரோப் காட்டும் நாடித்துடிப்பும் ஈ.சி.ஜி. காட்டும் துடிப்பும் ஒத்துப்போகிறதா? இதயத்துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்கு மட்டும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

சரியாக வரவில்லையென்றால் கையைப் பஞ்சு சுற்றிப் போர்த்துங்கள். சுடுநீர் நிரப்பிய கையுறையை நேரடியாக வைக்கவே கூடாது. வயதானவர்களின் தோல் காகிதம்போல மெல்லியது, வெந்துவிடும். கை நடுங்கினாலும் சில்லென்றே இருந்தாலும் காது மடலுக்குப் போங்கள். அதற்கென்று உள்ள காது ப்ரோப்தான் வேண்டும், விரல் ப்ரோபைக் காதில் கவ்வவிடக் கூடாது. எத்தனை சின்ன ஆஸ்பத்திரியானாலும் காது ப்ரோப் ஒன்று வாங்கி வைக்கச் சொல்லி நான் வற்புறுத்துவேன். ஆக்சிஜன் இறங்கினால் விரலைவிடக் காதில் சீக்கிரம் தெரியும்.

இத்தனையும் சரியாக இருந்து 86 காட்டினால் அது உண்மையான 86. "ஏ.சி. குளிர், அதான்" என்று சொல்லிக் கடக்காமல் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். கருத்த தோலில் கருவி சற்றுக் கூட்டிக் காட்டவும் கூடும். நிஜ அளவு இன்னும் கீழே இருக்கலாம். சந்தேகமென்றால் தமனி ரத்தம் எடுத்து ஏ.பி.ஜி. என்ற ரத்த வாயுப் பரிசோதனை பார்ப்பார்கள்.

படி 4: மாஸ்க்

மயக்கம் கொடுக்கும் முன் மாஸ்க் வழியே ஆக்சிஜன் கொடுத்து நுரையீரலை நிரப்ப வேண்டும்: 3 நிமிடம் சாதாரண மூச்சு, அல்லது 1 நிமிடத்தில் 8 ஆழ்ந்த மூச்சு. பல்லில்லாதவருக்குக் கன்னம் ஒட்டி மாஸ்க் ஓரம் கசியும். டாக்டர் சம்மதித்தால் தூங்கும் வரை பல்செட் இருக்கட்டும். சாச்சுரேஷன் 100 வந்தாலே நுரையீரல் நிரம்பிவிட்டது என்று அர்த்தமில்லை. வெளிமூச்சில் ஆக்சிஜன் 90 சதவீதத்தைத் தொட வேண்டும்.

பிற்சேர்க்கை: காது மடல் என்று எழுதியதைப் பார்த்து ஒரு நர்ஸ் அக்கா கேட்டார், தண்டட்டி போட்டு வளர்த்த காதில் கிளிப்பை எங்கே மாட்டுவது? நியாயமான கேள்வி. தொங்கும் மடலில் அது நிற்காது. அங்கே நெற்றிக்கான தனி சென்சார்தான் நல்லது, மேலே பட்டை கட்டி ஒட்டுங்கள். தலையைத் தாழ்த்திப் படுக்க வைத்திருந்தால் மட்டும் நெற்றி வேண்டாம். சிரை ரத்தம் தேங்கித் துடித்து ரீடிங்கைக் குறைத்துக் காட்டும்.